முக்காட்டின் ஓரத்தில் ஒரு ஒட்டி மீன்

என் அன்பு றீற்றாவுக்கு,

ஊர் முழுக்க வாசிக்கத்தான் இதை எழுதுகிறேன், கோபிக்காதே. உன் ஆண்டுத் திருப்பலிக்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறோம். வெள்ளைத் தாள் கிடைக்கவில்லை, கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அச்சாகிறது. மற்றவர்கள் எழுதித் தந்ததை எல்லாம் வாசித்துப் பார்த்தேன். நீ பொறுமையின் வடிவமாம், அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டாயாம். அவர்கள் யாரும் உன்னிடம் நூலைச் சிக்காக்கிக் கொடுத்ததில்லை போலும்.

எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. விறாந்தையில் இருந்து உன்னோடு கதைப்பதைப்போலவே எழுதுகிறேன். குருநகர் கேட்கட்டும், உன் ஞானம் அக்காவும் கேட்கட்டும். உன் தையல் மெசின் இன்னும் இங்கேதான் நிற்கிறது. அதில் உட்கார்ந்து துணிக்குப் பூப்போடுகிறவன் நான்தான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும்.

சண்டையால் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்தபோது வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த நாட்கள் ஞாபகமா? உனக்கோ முழங்கால் நோ, மெசினை மிதிக்க முடியாமல் முனகினாய். "இஞ்சருங்கோ, சும்மா கிடக்கிற கையை இதிலை வையுங்கோ" என்றாய். நான் நிலத்தில் குந்தி மிதிபலகையைக் கையால் அமுக்க, நீ மேலே இருந்து துணி மாட்டிய பிறேமை நகர்த்தினாய். ஒரு மெசினுக்கு இரண்டு பேர். "மெதுவா", "நிப்பாட்டுங்கோ", "ஐயோ, இதென்ன கடலிலை தண்டு வலிக்கிறியளோ?" என்று மேலிருந்து அதட்டல் வந்துகொண்டே இருக்கும். தலையில் ஓரிரண்டு குட்டும் விழுந்தது. பொறுமையின் வடிவம்!

அப்படிக் கீழே இருந்தவன் எப்போது மேலே வந்தேன் என்று எனக்கே தெரியாது. துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றி, கீழே துணியை இழுக்கும் பற்களை மூடிவிட்டால், பிறகு கை போகும் பக்கம்தான் தையல் போகும் என்று பிடிபட்டது. கரையில் சும்மா கிடந்தவர்கள் பகிடி பண்ணினார்கள். "செபமாலை, எனக்கும் ஒரு சட்டைக்குப் பூப்போட்டுத் தாவன்" என்று ஒருவன். நீ வாசற்படலையில் நின்று, "துணியைக் கொண்டு வா, பூவென்ன, வாலும் வைச்சுத் தருவார்" என்றாய். அதற்குப் பிறகு அவன் எங்கள் ஒழுங்கையால் கொஞ்ச நாள் வரவில்லை.

இனி உனக்குத் தெரியாத கதையைச் சொல்கிறேன். உன் அக்காவின் மகள் ஜெசிக்கு நீ செய்யத் தொடங்கிய கலியாண முக்காட்டின் கதை.

கண் கண்ணான மெல்லிய நெற் துணியில் பன்னிரண்டு லில்லிப் பூ, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், எல்லாம் நீயே தாளில் கீறி வைத்தது. நீ ஏழு முடித்தாய். எட்டாவதின் அரை இதழில் ஊசியைத் துணிக்குள் இறக்கி விட்டுவிட்டு, "தலையிடிக்குது, கொஞ்சம் படுத்திட்டு வாறன்" என்று எழும்பிப் போனாய். நாலாம் நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகுதான் ஊசியை உயர்த்தினேன். முக்காட்டைப் பிறேமோடு எடுத்து அலுமாரியில் வைத்தேன். தலையணை உறை, பீடத்துணி, முதல்நன்மைச் சட்டை என்று வந்த வேலை எல்லாவற்றையும் செய்தேன். அந்த எட்டாவது பூவை மட்டும் என்னால் தொட முடியவில்லை. பயம் என்றே வைத்துக்கொள். அதை முடித்தால் நீ முடிந்துவிடுவாய் என்று இருந்தது.

துக்கத்தால் தள்ளிப்போன கலியாணம் போன மாதம் திடீரென்று சரிவந்தது. உடனே உன் அக்கா வந்தாள், முக்காட்டைக் கேட்க அல்ல, மெசினைக் கேட்க.

அவள் கேட்டதில் பிழையில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பிள்ளை இல்லாமல் பெண் கண்ணை மூடினால் அவள் கொண்டுவந்த சீதனம் பிறந்த வீட்டுப் பெண்களுக்குத் திரும்ப வேண்டும். எங்கள் வழக்கம் அது. மெசின் உன் சீதனம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஷெல் விழுந்து அக்கா வீட்டின் அரைவாசி போய்விட்டது, மகளுக்கென்று சபையில் வைக்க அவளிடம் வேறு என்ன இருந்தது? உரிமை அவளுக்குத்தான். ஆனால் முக்காடு முடியாமல் மெசினைத் தருவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

"தம்பி, நீர் ஒரு ஆம்பிளை. உமக்கு ஏன் உந்த மெசின்?" என்றாள்.

"அக்கா, கடல் இல்லாத ஆம்பிளைக்கு வேறை என்ன இருக்கு?" என்றேன். அவள் தன் எண்ணத்தை விடவில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள் விடிய, கோவில் மணியோடு அலுமாரியைத் திறந்தேன். இனியும் பயந்துகொண்டிருந்தால் அந்தப் பிள்ளை வெறுந்தலையோடுதான் போக வேண்டும். நெற்றுக்குக் கீழே மெல்லிய தாள் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுக்க வேண்டும் அல்லவா, அந்தத் தாளும் இல்லை. ஜெசி தன் பழைய பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்தாள். நீ கீறி வைத்த லில்லியின் கீழே அவளுடைய கணக்குப் பாடம். மெசினுக்கு எண்ணெய் இல்லை. மண்ணெண்ணெயால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டேன். நீ இருந்திருந்தால் குட்டு நிச்சயம்.

ஜெசி எனக்குப் பக்கத்தில் பாயில் இருந்து தன் கலியாணப் பூக்களைத் தானே செய்தாள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை வெட்டி, கம்பியில் சுற்றி, உருக்கிய மெழுகில் தோய்த்துக் காய வைத்தாள். விறாந்தை முழுக்க வெள்ளித் துண்டும் நூலும் மெழுகு மணமும். எட்டாவது பூவின் மற்ற அரை இதழ் எப்போது முடிந்தது என்று நான் கவனிக்கவே இல்லை. பார்த்தால் ஒன்பதாவதில் இருக்கிறேன். நீ முடிந்துபோகவில்லை, றீற்றா. அதைப் பிறகுதான் யோசித்தேன்.

பத்து மணிபோல் ஆமியின் ஹெலி வந்தது. பிறேமைக் கழற்றிக்கொண்டு முற்றத்துப் பங்கர் குழிக்குள் இறங்கினோம். உள்ளே ஈரமண். வெள்ளை நெற்றை எங்கே வைப்பது? ஜெசி அதைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். காதடியில் பிறேம் வளையம் தொங்குகிறது, மேலே இரைச்சல், அவள் கையெடுத்துக் கும்பிட்டபடி இருக்கிறாள். அந்தப் பிள்ளை முதன்முதலில் முக்காடு போட்டது அங்கேதான். அவளைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது, பிறகு கோபம்தான் வந்தது. எங்கள் பிள்ளைகள் எதையும் வெளிச்சத்தில் போட்டுப் பார்க்கக் கூடாதா?

ஹெலி போனதும் மேலே ஏறி இன்னும் வேகமாக மிதித்தேன். பன்னிரண்டாவது பூவைத் தொடங்கும்போது மத்தியானம் ஆகியிருந்தது. அப்போது படலையில் சத்தம். உன் அக்கா ஒரு தள்ளுவண்டிலோடு நிற்கிறாள்.

"மாப்பிள்ளை வீட்டார் பின்னேரம் சீதனச் சாமான் பாக்க வருகினம். மெசின் என்ரை வீட்டு மண்டபத்திலை நிக்கோணும். எழும்பும் தம்பி."

"ஒரு பூ இருக்கு. ஒரு மணித்தியாலம் தாங்கோ."

"அந்த ஒரு பூ இல்லாட்டிக் கலியாணம் நிண்டு போமோ? பதினொண்டு காணும், போதும்!"

காணும் என்ற சொல் எனக்குச் சுட்டது. "றீற்றா தாளிலை பன்னிரண்டு கீறினவள்" என்றேன். நான் எழும்பவில்லை. அவள் பொறுமை கெட்டு மெசினின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். ஊசி துணிக்குள் நின்றது. நெற் கிழிந்த சத்தம் சின்னதுதான், ஆனால் மூவருக்கும் கேட்டது.

நாலு விரல் அகலத்துக்கு ஓட்டை. பன்னிரண்டாவது லில்லியை நீ கீறி வைத்திருந்த தாளும் அதோடு நார்நாராகப் போய்விட்டது.

உன் அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "மாதாவே, என்ரை கையாலையே செய்திட்டன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் ஒரு முழம் நெற் கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும். ஜெசி அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்குப் பிறகு நான் என்ன செய்வேன் என்று நினைக்கிறாய்? முப்பது வருடம் வலை பொத்திய கை இது. சுறா கிழித்த வலை, கல்லில் மாட்டிக் கிழிந்த வலை எல்லாம் பார்த்தாயிற்று. நெற்றும் வலைதானே. கண் சின்னது, நாலு மூலைக்குப் பதிலாக ஆறு மூலை, அவ்வளவுதான். ஆக மெல்லிய ஊசியை எடுத்தேன். கண்ணுக்குக் கண் அளவு பிசகாமல் இருக்க தென்னோலை ஈர்க்குத் துண்டொன்றைச் சீவிக்கொண்டேன். படலையடியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி இருந்து, முடிச்சு முடிச்சாகப் பொத்தத் தொடங்கினேன்.

"முக்காட்டுக்கு வலை முடிச்சோ?" என்று உன் அக்கா அழுகைக்கிடையில் கேட்டாள்.

"ஓம். அவிழாது" என்றேன்.

மூன்று மணித்தியாலம். தள்ளுவண்டில்காரன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். அக்கா எழும்பிப் போகாமல், ஜெசியின் பூக்களுக்கு மெழுகு உருக்கிக் கொடுத்தாள். தன்பாட்டில் அவள் அப்படிச் செய்ததை நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

ஓட்டை மூடியது. ஆனால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. உன்னைப்போல் லில்லி கீற எனக்கு வராது, கீறினால் முட்டைக்கோவாதான் வரும். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் கீறத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கொப்பித் தாளில் அதைக் கீறி, நெற்றுக்குக் கீழே வைத்து, மெசினில் இருந்து மிதித்தேன். நடு முள், செட்டை, வால், கண்ணுக்கு ஒரு புள்ளி. ஒட்டி மீன். உனக்குச் சொதியில் விருப்பமான அதே ஒட்டி.

உன் அக்கா எட்டிப் பார்த்தாள். "ஐயோ! கலியாண முக்காட்டிலை மீனோ? மணக்குது எண்டு சபை சிரிக்கப் போகுது!"

"மீனாலை வளந்த சபைதானே அக்கா. மணந்தால் மணக்கட்டும்."

நான் வாலை முடிக்கும்போது படலையில் செருப்புச் சத்தம். மாப்பிள்ளை வீட்டார் அக்கா வீட்டுக்குப் போய், அங்கே யாரும் இல்லாமல், விசாரித்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார்கள். சீதன மெசினைப் பார்க்க வந்தவர்கள் கண்டது, அதில் உட்கார்ந்து பெண்ணின் முக்காட்டில் மீன் தைக்கும் ஒரு நரைத்த மனுசனை. உன் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் தகப்பன் பாசையூர்க்காரர், கடலிலேயே கிழவரானவர். முக்காட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவிக்கொண்டே போனவர், மீனடியில் நிறுத்தினார்.

"இது ஆர் பொத்தினது?"

"நான்தான்."

இன்னும் ஒருமுறை தடவினார். "எவ்வளவு கிழிஞ்சது?" என்று கேட்டார். நாலு விரலைக் காட்டினேன். "பொத்தின எல்லை தெரியேல்லை" என்று தன் மனைவியிடம் சொன்னார். பிறகு என்னிடம், "மீன் ஏன் வந்தது?" என்றார்.

"ஐயா, கடல் பூட்டின பிறகு நான் பிடிச்ச ஒரே மீன் அதுதான்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார். அவருடைய வள்ளமும் கரையில்தானே கவிழ்ந்து கிடக்கிறது.

அப்போதுதான் ஜெசி எழும்பினாள். கையெல்லாம் மெழுகு. "அம்மா, இந்த மெசின் இப்ப ஆரின்ரை?" என்று கேட்டாள்.

"உன்ரை சீதனம்" என்றாள் உன் அக்கா, முகத்தை மூடியபடியே.

"எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப் போட்டியள். என்ரை எண்டால் எங்கை நிக்கோணும் எண்டு நான்தான் சொல்லுவன். இது சித்தப்பா வீட்டிலை நிக்கும். சித்தப்பாதான் மிதிப்பார்."

அவளுடைய மாமனார் தலையாட்டிவிட்டு, தன் வீட்டுக்கும் ஒரு மேசைவிரிப்பு வேண்டும், சுற்றிவர மீன் போட்டால் நல்லது என்றார். உன் சீதனம் வழக்கப்படி உன் வீட்டுப் பெண்ணிடம் திரும்பிவிட்டது, றீற்றா. விறாந்தையை விட்டு ஒரு அடியும் நகரவில்லை.

அடுத்த நாள் கோவில் வாசலில் உன் அக்கா முக்காட்டைச் சரிசெய்கிறேன் என்று மீனை முதுகுப் பக்கம் ஒதுக்கிவிட்டாள். ஜெசி அதைப் பிடித்து இழுத்துத் தோளுக்கு முன்னால் கொண்டுவந்தாள். அம்மா ஒதுக்க, மகள் இழுக்க, மூன்றாம் முறை உன் அக்கா கையை எடுத்துக்கொண்டாள். பதினொரு லில்லியும் ஒரு ஒட்டியும் உள்ளே போயின. நீ அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும். ஏன் நிற்கவில்லை? ஒரு தலையிடிக்குப் படுத்தவள் எழும்பியிருக்கக் கூடாதா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, உன்னிடமே கேட்கிறேன்.

இப்போது கரையில் இருந்து இன்னும் இரண்டு பேர் வந்து பழகுகிறார்கள். சட்டைக்குப் பூக் கேட்டவனும் அதில் ஒருவன். அவனுக்கு உன் குட்டுகளை நான் கொடுக்கிறேன்.

கடல் திறக்கும். யார் பூட்டினாலும் ஒரு நாள் திறக்கத்தான் வேண்டும். அன்றைக்கு முதல் வள்ளம் என்னுடையதாக இருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், ஊரும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். கரைக்கு வந்து உப்பைக் கழுவிவிட்டு இந்த மெசினில்தான் வந்து இருப்பேன். வேலை நடுவில் எழும்புகிறவர் ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டுப் போனால், திரும்பி வருவார் என்று அர்த்தம் என்பாய். நீயும் அப்படித்தான் விட்டுப் போனாய். உன்னால் வர முடியவில்லை, நான் வந்து உட்கார்ந்தேன். இதை எழுத எழும்பும்போதும் மேசைவிரிப்பில் ஊசியை இறக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

போய் மெசினில் இருக்கிறேன்.

உன் குட்டு வாங்கிய மனுசன்,
செபமாலை