இடது பின்சக்கரத்துக்குக் காய்ச்சல்

அப்பா,

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்ததே அதைத் தொடாமல் ஊர் போய்ச் சேரத்தான். ராணுவ ஏலத்தில் எடுத்த கிழட்டு லாரியை நிறுத்துகிற இடமெல்லாம் இறங்கி, சக்கரத்தின் நடுவில் புறங்கை வைத்துப் பார்ப்பவர் உலகிலேயே நீங்கள் ஒருவர்தான். "காய்ச்சலா? ஊசி போடச் சொல்லட்டுமா?" என்று நேற்றுக் கேட்டதற்கு, "பேரிங் போனா நடுவுல கொதிக்கும், அப்புறம் சக்கரம் கழண்டு ஓடும்டா, வெண்ணெ" என்றீர்கள். சாப்பிடாமல் படுத்தும்விட்டீர்கள்.

முட்டை பொரித்து மூடி வைத்திருக்கிறேன். லாரிக்கு டீசல் போட்டு வந்துவிட்டேன்.

பி.கு: பங்க்கில் யாரும் பார்க்காதபோது நாலு சக்கரத்தையும் தொட்டேன். இடது பின்சக்கரம் வலது கையைச் சுட்டுவிட்டது. மெக்கானிக் பத்து மணிக்கு வருவார். அதுவரை லோடு ஏற்ற வேண்டாம். சாவி என்னிடம்.

இன்னொன்று: கல்லூரிக்குக் கிளம்புமுன் மறுபடி தொட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை இடது கையால். சக்கரம் இன்னும் ஆறவில்லை.