எங்க அள்ளினாலும் ஒண்ணுபோல

என் பாசமுள்ள அத்தாவுக்கு,

பாளையம்பட்டியில நீங்க விட்டுட்டுப் போன மனையில, என் பங்குல வீடு கட்டுறேன். நேத்து மேல்தளம் போட்டாச்சு. அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

துபாய்ல காங்கிரீட் வேலை பார்த்து நீங்க கொண்டுவந்த ஒரே இங்கிலீஷு 'மிக்ஸு'தானே? சோத்துல ரசத்தை மிக்ஸ் பண்ணுவீக. கல்யாண வீட்டுல நான் ஒதுங்கி நின்னா, "போயி எல்லாரோடயும் மிக்ஸ் ஆகும்மா"ம்பீக. அம்மா தலையில அடிச்சுக்கிருவாக. நீங்க விடுவீகளா? "சும்மா கிண்டி விட்டா மிக்ஸ் ஆயிருமா? மணலு ஒரு பக்கம், சிமிண்டு ஒரு பக்கம் திட்டுத்திட்டா நிக்கும். எங்க அள்ளினாலும் ஒண்ணுபோல இருக்கணும், அதுதான் மிக்ஸு"ன்னு விளக்கம் வேற!

நம்ம வீட்டுல அது இல்லாமப் போச்சே அத்தா. மார்க்கப்படி எனக்கு உள்ள பங்கைத்தான் கேட்டேன். "கட்டிக்குடுத்த பிள்ளைக்கு என்ன பங்கு?"ன்னு தம்பி பஷீரு பேச்சை நிப்பாட்டிட்டான். ஜமாஅத்துல சொல்லித்தான் பங்கைப் பிரிச்சு வாங்கினேன். பக்கத்து வீட்டுலயே இருந்துக்கிட்டு, என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிருவான். எனக்கும் ரோஷம் இருக்குல்ல? நடுவுல சுவரு எழுப்ப செங்கல்லு இறக்கிட்டேன்.

நேத்து பாதித் தளம் போட்டிருக்கையில தண்ணி லாரி வரல. டிரைவரு போனை எடுக்கல. மிஷினுக்குள்ள ஜல்லியும் மணலும் காஞ்சபடியே சுத்துது. "பாதியில நின்னா ஒட்டாதும்மா, மழைக்கு ஒழுகும்"னு கொத்தனாரு கையைப் பிசையுறாரு. பஷீரு வீட்டுப் போருல தண்ணி கெடக்கு. போயிக் கேட்க எனக்கு வாய் வரல.

அப்ப அந்தப் பக்கம் மோட்டாரு சத்தம் கேட்டுச்சு. டியூப்பை இழுத்துக்கிட்டு, செங்கல் குவியலைத் தாண்டி வாரான் உங்க மகன்! என்னை ஏறிட்டுப் பார்க்கல. மிஷின்ல தண்ணி விட்டான். கொட்டினதுல ஒரு கை அள்ளிப் பார்த்துட்டு, "இன்னும் மிக்ஸ் ஆகலண்ணே, இன்னொரு சுத்து விடுங்க"ன்னான். அப்படியே உங்க குரலு அத்தா. நீங்கதான் அவன் காதுல ஏதும் சொன்னீகளா?

வேலையாளுகளுக்குப் பிரியாணி போட்டப்ப அவனும் உட்கார்ந்தான். கையைக் கழுவிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "அக்கா, தளத்துல தெனமும் தண்ணி நிக்கணும்ல. லாரியெல்லாம் வேணாம், நானே விடுறேன்."

"சரிடா"ன்னேன்.

அந்தச் செங்கல்லை அடுப்பு மேடைக்குப் போட்டுக்கிறேன். நடுவுல சுவரு வராது அத்தா, நான் இருக்கிற வரைக்கும்.

உங்க மூத்த மக,
பஷீரோட அக்கா
நூர்ஜஹான்