நாலு பேர் வேண்டிய ஆட்டம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம்தான் உன் குரலைக் கேட்டேன், நடுவில் நீ தும்மியதையும் கேட்டேன். அதனால் சுகமா என்று கேட்பது வெறும் மரியாதைக்குத்தான். ஆனாலும் கடிதம் என்று உட்கார்ந்தால் அதைக் கேட்காமல் கை நகரவில்லை. சளி விட்டதா? சின்னவரின் முழங்கால் தேவலையா? லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்தானே வேலை, படியேறாமல் எப்படி முடியும்? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

தினமும் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இத்தனை நாள் ஹெட்ஃபோனை மாட்டினால் நாம் இரண்டு பேர்தான். இப்போது நாலு பேர் ஆகிவிட்டோம். உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதைச் சொல்ல அங்கே இடமில்லை. போன் செய்யலாம், பாதியில் நான் அழுதுவிடுவேன், நீ "அக்கா, அக்கா" என்பாய், சொல்ல வந்தது நின்றுபோகும். தாளில் அந்தத் தொந்தரவு இல்லை.

முதலில் ஒரு சிரிப்புச் செய்தி. எதிர் வீட்டு அம்மா போன வாரம் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். விசாரித்தால், நான் "விடாத, சுடு, செத்தான்" என்று கத்தியது ஜன்னல் வழியாக அவர் சமையலறை வரை போயிருக்கிறது. விளையாட்டு என்று சொன்னேன். நம்பவில்லை. ரத்தப் பரிசோதனை லேப்பில் நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வருகிறவள் சாயங்காலம் துப்பாக்கியும் எடுப்பாளா என்று அவர் முகம் கேட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் ஒரே வீட்டில், நீ மாடியிலும் நான் கீழேயுமாக இருந்த காலத்தில் நமக்குள் பெரிய ஒட்டுதல் இருந்தது என்று சொன்னால் அது பொய். சண்டை இல்லை, அவ்வளவுதான். நம் மாமனார் போன பிறகு எல்லாம் உடைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். இவர் சரி என்றார். வெளியூர் போயிருந்த நீங்கள் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தீர்கள். வந்து சேர்ந்தபோது மாமா இல்லை. சின்னவர் எல்லோர் முன்னாலும், "என்னைக் கேக்காம எப்படி முடிவு பண்ணின?" என்றார். இவர், "நீ எங்க இருந்த?" என்றார். அண்ணன் தம்பி பேச்சு அதோடு நின்றது. நீங்கள் மாடியைக் காலி செய்து ஊர் மாறினீர்கள்.

அப்போது உன் கணவர் பக்கம் நின்று நீயும் முகத்தைத் திருப்பியிருந்தால் யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஓரகத்திகள் என்றாலே எலியும் பூனையும் என்பதுதானே உலகத்தின் எண்ணம். ஆனால் நீ போய் ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் எனக்குச் செய்தி அனுப்பினாய். "அக்கா, கம்ப்யூட்டர்ல இந்த கேமை இறக்கி வைங்க. இதுல பேசிக்கலாம். யாராவது கேட்டா விளையாடுறேன்னு சொல்லுங்க. அது பொய்யும் இல்ல." அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

அந்த ஆட்டத்தின் பெயர் என் வாயில் நுழையவில்லை. கப்பலும் கிரேனும் சரக்குப் பெட்டிகளுமாக இருந்ததால் 'துறைமுகம்' என்று நாமே பெயர் வைத்தோம். முதல் வாரம் முழுக்க நான் சுட்டது வானத்தையும் உன்னையும்தான். ஓடச் சொன்னால் சுவரில் முட்டி நிற்பேன். ஒளிந்துகொள்ளச் சொன்னால் தண்ணீரில் விழுவேன். நீ ஒரு தடவையாவது சலித்துக்கொண்டிருப்பாயா? டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் அதே பொறுமையோடு, "பரவால்லக்கா, இப்ப வலது பக்கம் திரும்புங்க" என்பாய். பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எதிரிக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் நாம் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டோம். உனக்குக் குழந்தை தங்காமல் போனதை முதலில் அங்கேதான் என்னிடம் சொன்னாய். நான் எழுந்து நின்றுவிட்டேன், உடனே சுட்டுவிட்டார்கள். நீ அழுகையோடு சிரித்தாய்.

இவர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் யாரிடம் பேசுகிறேன் என்று அவருக்குத் தெரியும். கேட்டதில்லை. பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரண்டதில்லை.

பிறகு அந்தக் கம்பெனி 'துறைமுக'த்தை மூடப்போவதாக அறிவித்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆட்கள் குறைந்துவிட்டார்களாம். கடைசி நாள் நாம் யாரையும் சுடவில்லை. கிரேன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, திரை அணையும்வரை உன் புதுத் திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிப் பேசினோம். மறுநாள் நான் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. இவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இல்லையா?" என்றார். மூடிவிட்டார்கள் என்றேன். "வேற இருக்குமே?" இருக்கிறது, ஆனால் அது மாதிரி இல்லை என்றேன். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர் இல்லையா, அவருக்குத் தெரிந்த மாதிரி சொன்னார்: "பழைய ஃப்ரிட்ஜ் கதவுக்கு அதே ரப்பர் கிடைக்காது. அதுக்காக ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போடுறோமா? அந்த அளவுக்கு வேற ரப்பர் இருக்கும். தேடணும்."

தேடியது நீதான். வரன் பார்ப்பது மாதிரி தேடினாய். ஒவ்வொன்றையும் நீ தனியாக ஆடிப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவாய். ஒன்று பார்க்க லட்சணம், ஆனால் அதன் வேகத்துக்கு எனக்குத் தலைசுற்றல் வந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி படுத்தேன். இன்னொன்றில் சின்னச் சின்னப் பிள்ளைகள் பேசிய பேச்சைக் கேட்டு நீயே, "வேணாம்க்கா, வெளிய வாங்க" என்றாய். ஒன்று நல்ல குணம், ஆனால் அதைத் தாங்க என் கம்ப்யூட்டருக்கு வசதி போதவில்லை. உள்ளே இருந்த விசிறி மிக்சி மாதிரி கத்தியது. வேறொன்றில் செத்தால் செத்ததுதான், மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை வேடிக்கை பார்க்க வேண்டும். நான்தான் முதலில் சாகிறவள். பாதி நாள் சுவரைப் பார்த்தபடி உனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் 'பனிமலை' கிடைத்தது. நிதானமான ஆட்டம். காத்திருக்கலாம், யோசிக்கலாம். பனியில் எதிரியின் காலடி சரக் சரக் என்று கேட்கும். அடிபட்டு விழுந்தாலும் உடனே உயிர் போகாது. கூட்டாளி ஒருவர் பக்கத்தில் வந்து கை கொடுத்தால் எழுந்துவிடலாம். நமக்கென்றே செய்த மாதிரி இருந்தது, ஒரு குறையைத் தவிர. அணிக்கு நாலு பேர் வேண்டும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் நாலு பேர் வேண்டும் என்பார்கள், சுடுவதற்கும் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முன்பின் தெரியாத இரண்டு பேரை ஆட்டமே கொண்டுவந்து சேர்த்தது. ஒருவன் பாதியில் சாப்பிடப் போவான். இன்னொருவன் என் குரலைக் கேட்டதும், "ஆன்ட்டி, நீங்க வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான். அன்றைக்கு நீ மெதுவாகக் கேட்டாய்: "நம்ம வீட்லயே ரெண்டு பேர் சும்மா உக்காந்திருக்காங்களேக்கா?" நீ கேட்டிருக்காவிட்டால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது. வந்திருந்தாலும் துணிவு வந்திருக்காது.

இவரை இழுக்கத் தலைகீழாக நிற்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டவுடன் சரி என்றார். கடையில் பில் போடும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரே நிபந்தனை, "நான் பேச மாட்டேன். மைக் வேணாம்." அங்கே சின்னவரும் அதையே சொன்னதாக நீ சொன்னாய். இவருக்கு 'ஐஸ்பெட்டி' என்றும், அவருக்கு 'ஏணி' என்றும் பெயர் போட்டோம். ஏணி யார் என்று இவர் கேட்டதற்கு, உன் டியூஷன் பையன் ஒருவனின் சித்தப்பா என்று சொல்லிவைத்தேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று நாம் இருவரும் நம்மையே மெச்சிக்கொண்டோம்.

பேச்சில்லாமல் அவர்கள் ஆடியதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் தூரத்தில் வெளிச்சப் புள்ளி ஒன்று விழும்; அங்கே எதிரி இருக்கிறான், இங்கே மருந்து இருக்கிறது என்று காட்ட. ஐஸ்பெட்டி மருந்தைக் கண்டால் எடுக்காமல் புள்ளி வைத்துவிட்டு நிற்பார், ஏணி வந்து எடுக்கும்வரை. ஏணி தன்னிடம் இருந்த தோட்டாவில் பாதியை ஐஸ்பெட்டியின் காலடியில் போட்டுவிட்டு ஓடுவார். நாம் இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் இருவரும் ஒரு சொல்லும் இல்லாமல் ஒருவரையொருவர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீயும் அங்கேதான் இருந்தாய், என்றாலும் இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ஏணி வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் கோபுரத்தில் ஏறி, அடிபட்டுக் கீழே விழுந்தார். சுற்றிலும் எதிரிகள். நானும் நீயும் பாறைக்குப் பின்னால் இருந்தோம். "விட்றலாம்க்கா, போனா எல்லாரும் காலி" என்று நீ சொன்னாய், நானும் சரி என்றேன். ஐஸ்பெட்டி மட்டும் எழுந்து வெட்டவெளியில் ஓட ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்தேன். இவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

அப்போதுதான் ஹெட்ஃபோனில் அந்தக் குரல் வந்தது. "அண்ணா, வராத. மூணு பேர் இருக்காங்க. நீ போ."

பேசும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இவருக்கு நான் சொல்லித் தந்ததே இல்லை. எப்படியோ விரல் அதைக் கண்டுபிடித்தது. "இருடா. வந்துட்டேன்" என்றார்.

போய்ச் சேர்ந்தார். குனிந்து கையும் கொடுத்தார். தூக்குவதற்குள் அவரையும் சுட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் பனியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். நம் அணி தோற்றது. பிறகு சின்னவர், "சொன்னா கேக்குறியா நீ?" என்றார். இவர், "நீ என்னைக்குக் கேட்ட?" என்றார். முதலில் சிரித்தது யார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானை யாரும் அழுத்தவில்லை. முழங்கால் என்ன ஆயிற்று என்று இவர் கேட்க ஆரம்பித்ததும் நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். நீயும் போய்விட்டாய் என்று அப்புறம் சொன்னாய். ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இரண்டு பேர் அடுப்பே பற்றவைக்காமல் அடுப்பு முன்னால் நின்றிருக்கிறோம்.

மறுநாள் காலையில் இவரிடம் கேட்டேன், ஏணி யாரென்று எப்போது தெரியும் என்று. இரண்டாவது நாளே தெரியும் என்றார். "ஏறுறதுக்கு ஒண்ணு இருந்தா அவன் கால் தரையில நிக்காது. டியூஷன் பையனோட சித்தப்பாவாம்." நாம் பெரிய கெட்டிக்காரிகள், போ.

தங்கச்சி, நன்றி சொன்னால் உனக்குப் பிடிக்காது, "என்னக்கா பெரிய வார்த்தை எல்லாம்" என்பாய். சொல்லத்தான் போகிறேன். கதவைச் சாத்த எல்லா நியாயமும் உன் பக்கம் இருந்தது. நீ சாத்தவில்லை. இருந்த ஒரு ஆட்டமும் மூடிப்போனபோது, போனால் போகட்டும் என்று நீ விட்டிருக்கலாம். எத்தனை ஆட்டத்தில் தனியாகச் செத்துச் செத்து, எனக்குத் தலைசுற்றாத ஒன்றைக் கண்டுபிடித்தாய். கூடப் பிறந்தவள் எனக்கு இல்லை. அந்தக் குறையை நினைத்து இனி நான் வருந்த மாட்டேன்.

இனி ஒரு வேண்டுகோள். இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

அன்று காலையில் தேநீர் ஆறும்வரை குடிக்காமல் இருந்துவிட்டு இவர் சொன்னார்: "அவன் வர்ற வரைக்கும் டாக்டரைப் பொறுக்கச் சொல்லியிருக்கலாமோ?" இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. டாக்டர் பொறுக்க நேரமில்லை என்று சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். நான் சொல்லி அது ஆறாது, அவருக்கு வேண்டியது என் சாட்சி இல்லை.

அவர்கள் இப்போது ஆட்டத்தைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். பேசட்டும், அவசரமில்லை. நாமாக எதையும் கிளற வேண்டாம். ஆனால் என்றைக்காவது மாமா பேச்சு வந்தால், சின்னவரை ஒரே ஒரு தடவை, "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்று சொல்லச் சொல்வாயா? மனதார வராவிட்டாலும் பரவாயில்லை, சொல்லட்டும். நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம்.

மாடி அறையைப் பெருக்கி, ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்
அக்கா