நாலு நாட்டுக் காபித்தூளும் நீ எழுதிவைத்த நோட்டும்

உன் வீட்டுக்காரி கொடுத்த எவர்சில்வர் டப்பாவை இன்று காலை மறுபடி திறந்தேன். மூடி இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்ப வேண்டியதாயிற்று. திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. கருகல், புளிப்பு, சாக்லேட், ஏதோ ஒரு பூ. இத்தாலி, ஜெர்மனி, வியட்நாம், எத்தியோப்பியா என்று நான் உனக்காக வாங்கிவந்த நாலு நாட்டுக் காபித்தூளும் ஒரே டப்பாவில் கிடந்து வாசனை ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ரப்பர் பேண்டு போட்டுவைத்திருக்கிறாய். அடியில் உன் மகளுடைய பழைய பள்ளிக்கூட நோட்டு. அதில் உன் கையெழுத்து.

நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்த வாசனையை ஆசையாக ஒருமுறை உள்ளே இழுத்தேன். இழுத்த கையோடு வெட்கமாகிவிட்டது. எனக்கு மட்டும் வருகிறதே என்று.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் பேரணாம்பட்டு ரோட்டில் இருக்கும் அந்தத் தோல் கம்பெனியில் சேர்ந்தோம். பதப்படுத்திய தோலுக்கு நிறமும் மினுக்கும் ஏற்றுகிற ஃபினிஷிங் பிரிவு. உன் கையில் ஸ்ப்ரே கன்னைக் கொடுத்தார்கள். நான் டிப்ளமோ முடித்தவன் என்பதால் நிறம் கலக்கும் மேஜைக்குப் போனேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அந்தப் பிரிவுக்கே மேலாளர் ஆனேன். நீ கன்னோடு அங்கேயே நின்றாய். அதனால் நமக்குள் ஒன்றும் மாறவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை பத்தரைக்கு கேட்டுக்கு எதிரே இருக்கும் காபிக்கடை. ஒரு காபியை இரண்டு கண்ணாடி டம்ளரில் பிரித்து ஊற்றச் சொல்வோம். "பை டூ" என்று நீ விரலைக் காட்டினால் போதும், மாஸ்டர் ஆற்ற ஆரம்பித்துவிடுவார். ஆளுக்கு ஒன்று குடித்தால் என்ன என்று அவர் கேட்டால், "அரை டம்ளருன்னா சூடு ஆர்றதுக்குள்ள முடிஞ்சிரும் மாஸ்டர், மீதிய அவனே குடிக்கட்டும்" என்பாய். மேலாளர் ஆன பிறகும் நான் அந்த அரை டம்ளருக்குத்தான் ரோட்டைக் கடந்து வந்தேன்.

முதல்முறை இத்தாலிக்குப் போய்வந்ததும் உன்னிடம்தான் ஓடிவந்தேன். அங்கே ஒரு தோல் ஊர். காரை விட்டு இறங்கியதும் நம் ஊர் நாற்றம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் தொழிற்சாலைக்காரர்கள் எல்லோரும் கடைக்குள் வந்து, மேடையில் முழங்கையை ஊன்றி நின்றபடியே குடிக்கிறார்கள். கோப்பை நம் மருந்து அவுன்ஸ் அளவுதான். மூன்று வாய், முடிந்தது, கிளம்பிவிடுகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பால் விட்ட காபி கேட்டேன். என்னோடு வந்த வியாபாரி, பந்தியில் பாயசத்துக்குப் பிறகு இட்லி கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பால் காபியெல்லாம் காலையோடு சரியாம். நீ தொடையில் தட்டிச் சிரித்தாய். "மச்சான், நின்னுனே குடிக்கிறானுங்கன்னா அவனுங்களும் நம்ம மாதிரி ஷிஃப்டுக்குப் போறவனுங்கடா" என்றாய். அவ்வளவு தூரம் போய்வந்த எனக்கு அது தோன்றவில்லை.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே கூட்டம் ஆரம்பிக்கும்போதே பெரிய பிளாஸ்க்கை மேஜை நடுவில் வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு மக். பேசப் பேச ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். நிறம் பார்த்தால் நம் வரக்காபி, வாயில் வைத்தால் சுடுதண்ணீர். ஆனால் மாலையில் கேக்கோடு உட்கார்ந்து குடிக்கும்போது அதே காபி நன்றாக இருந்தது. "அது காபி இல்ல, காபி குளிச்ச தண்ணி" என்று தீர்ப்புச் சொன்னாய்.

வியட்நாமில் நடைபாதையில், நம் முழங்கால் உயரம்கூட வராத பிளாஸ்டிக் ஸ்டூல். கண்ணாடி டம்ளர் மேல் தகர வடிகட்டி. கீழே கெட்டிப் பால். காபி சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, எல்லோரும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். "நாம அப்டி குந்தினு இருந்தா சூப்பர்வைசர் வெளிய வந்து கத்துவான்" என்றாய். "டேய், உன் சூப்பர்வைசருக்கு மேனேஜரே நான்தாண்டா" என்றேன். "அதான் பேஜார்" என்றாய்.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பொட்டலம் உனக்கு. நீ அதைப் பிரிக்கிற விதமே தனி. கொஞ்சம் தூளை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, தோலின் மேற்புறத்தைப் பார்ப்பதுபோல் மெதுவாகத் தேய்ப்பாய். ஒருமுறை லாங் பஜாரில் காபி அரைக்கிற கடையில், கடைக்காரர் காகிதத்தில் கொட்டிக் காட்டிய தூளைத் தேய்த்துவிட்டு, "சிக்கரி ஜாஸ்தி, விரல்ல பிசுக்குது" என்றாய். அவர் வாயடைத்துப்போய் வேறு டின்னைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோகாமல் சொல்கிறானே என்று நான் பெருமைப்பட்டேன். ஏன் கொண்டுபோகவில்லை என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. உன் வீட்டில் காபி போட்டுக் குடித்ததும், "நீ மொதல்ல சொல்லு" என்பாய். நான் சொல்வேன். அடுத்த வாரம் யாராவது கேட்டால், இத்தாலிக் காபி மூக்கில் ஏறும், வியட்நாம் காபியில் சாக்லேட் வாசம் என்று அளந்துவிடுவாய். நம் இரண்டு பேர் நாக்கும் ஒன்று என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் நீயே நேராகச் சொன்னாய். அதுதான் என்னை அறுக்கிறது. கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "மச்சான், எனக்கு மூக்கே இல்லடா" என்றாய். எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர், "ஆம்பூர்ல எவனுக்குய்யா மூக்கு இருக்குது?" என்றார். நம் பக்கத்தில் இது பழைய கேலி. ரயில் நம் ஊரைத் தாண்டும்போது வெளியூர்க்காரன் கைக்குட்டையை எடுப்பான். "இன்னா ஸ்மெல்?" என்று நாம் ஒன்றும் தெரியாதவர்கள்போல் கேட்போம். தோல் பட்டறை ஊரில் பிறந்தவனுக்கு மூக்கு செத்துப்போச்சு என்று நம்மை நாமே சொல்லிச் சிரிப்போம். நீயும் அதைத்தான் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். வேறு ஊரில் ஒருவன் அப்படிச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவன் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பான். நான் சிரித்தேன். கடைசியில் நீயும் சேர்ந்து சிரித்தாய்.

அதற்குச் சில நாள் கழித்து என் அறைக்கு வந்தாய். அறைக்குள் வந்தால் நீ உட்கார மாட்டாய். நின்றபடியே, "ஸ்ப்ரே போதும் மச்சான். கட்டிங்குக்கோ, அளவு போடற எடத்துக்கோ மாத்தி வுடேன்" என்றாய். அப்போது ஜெர்மன்காரனின் பழுப்புத் தோல் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் வர வேண்டுமென்றால் உன் கைதான் வேண்டும். "இந்த ஆர்டர் போவட்டும்டா" என்றேன். "சரி" என்று போய்விட்டாய். அதற்குப் பிறகு எத்தனை ஆர்டர் போயிற்று. நீ மறுபடி கேட்கவில்லை. நான் மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. உன் கை எனக்குத் தேவைப்பட்டது. நீ அடித்த நிறத்தைக் காட்டித்தான் நான் நாடு நாடாகப் போய்க் காபி குடித்தேன்.

கடைசியாகக் கொண்டுவந்தது எத்தியோப்பியக் காபி. அங்கே ஒரு பட்டறைக்காரர் வீட்டில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தரையில் பச்சைப் புல் பரப்பியிருந்தது. அந்த வீட்டு அம்மாள் பச்சைக் கொட்டையைக் கழுவி, நம் கண் முன்னாலேயே கரி அடுப்பில் வறுத்தார். வறுத்ததும் நேராக இடிக்கவில்லை. புகை எழும் அந்தச் சட்டியை வந்திருந்த ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்து, மூக்குக்கு நேராகப் பிடித்து, கையால் புகையை நம் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகுதான் இடித்து, காய்ச்சி, மூன்று சுற்று. பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லையாம். இதை நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னபோது நீ வழக்கம்போல் கேலி பேசவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"வாசனை தெரியாதவன் போய் குந்தினா இன்னா பண்ணுவாங்க?" என்றாய்.

"அவனுக்கு இன்னும் கிட்ட கொண்டாந்து காட்டுவாங்க" என்றேன். அதற்கும் நான் சிரித்தேன்.

ஐப்பசியில் நீ போய்விட்டாய். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாயாம், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. காரியம் முடிந்து பத்து நாள் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி காபி கொண்டுவந்தாள். அடுக்களையில் பால் பொங்கித் தீய்ந்த வாசனை. "தங்கச்சி, பால் தீயுது" என்றேன். ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்களுக்கு ஒடனே தெரிஞ்சிரிச்சுண்ணா. அவருக்குப் பக்கத்துலயே தீஞ்சாலும் தெரியாது. ஏழு வருசமா மூக்குல ஒண்ணுமே வராது. டாக்டராண்ட காட்டுனோம். ஸ்ப்ரே மருந்து அடிக்கிற வேலைய வுடுன்னாரு."

டம்ளரைக் கீழே வைத்தேன். "நீயாவது எங்கிட்ட சொல்லக்கூடாதாம்மா?"

"அவரு உங்களாண்ட சொன்னாராமே? நீங்க சிரிச்சிட்டீங்களாமே? அப்புறம் நான் சொல்றேன்னதுக்கு வோணான்னுட்டாரு. அவன் ஆசையா கொண்டாறான், கெடுக்காதன்னாரு."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பரணிலிருந்து டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள். நான் அந்தக் காபியைக் குடிக்காமலே வந்தேன்.

இப்போது நோட்டு. நீ நாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். "இத்தாலி: மூணு வாய். கருகல் வாசனை. மூக்குல ஏறும்." "ஜெர்மனி: லேசு. கொஞ்சம் புளிப்பு. கேக்கோட நல்லா இருக்கும்." "வியட்நாம்: கசப்பு ஜாஸ்தி. சாக்லேட் வாசனை." எல்லாம் நான் சொன்னவை, ஒரு வார்த்தை மாறாமல். நான் கிளம்பிப் போனதும் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய், பரீட்சைக்குப் படிக்கிறவனைப்போல. அடுத்த வாரம் அவற்றையே உன் தீர்ப்பாகத் திருப்பித் தந்திருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் கீழே உன்னுடையது ஒரே ஒரு வரி. "நைஸ் அரைப்பு, கைரேகையில ஏறுது." "கொரகொரன்னு இருக்கு." "வெரல்ல எண்ண தெரியுது, நல்ல வறுவல்." எத்தியோப்பியாப் பக்கத்தில் பூ, எலுமிச்சை என்று என் வார்த்தைகளை எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "இவன் சொல்லும்போது வாசனை வர்ற மாதிரி இருக்கு."

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் நீ இல்லை. இருந்தாலும் "வுடு மச்சான்" என்றுதான் சொல்லியிருப்பாய். அது இன்னும் கஷ்டம்.

ஒன்று மட்டும் செய்கிறேன். சின்ன டின் ஒன்றில் காபித்தூள் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமைதோறும் காலையில் ஸ்ப்ரே பிரிவுக்குப் போகிறேன். வரிசையாக ஒவ்வொருவனையும் கண்ணை மூடச் சொல்லி, மூக்குக்கு நேராக டின்னைப் பிடித்து, "இது இன்னா?" என்று கேட்கிறேன். மேனேஜருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

போன திங்கட்கிழமை உன் இடத்தில் நிற்கிறவனிடம் நீட்டினேன். நாற்பது வயதுக்காரன், குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். கண்ணை மூடியபடி வெகுநேரம் நின்றான். "கோதும மாவா சார்?" என்றான். பின்னாலிருந்து ஒருத்தன், "ஆம்பூர்ல எவனுக்கு சார் மூக்கு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று மாலையே அவனை அளவு போடும் இடத்துக்கு மாற்றி, டாக்டரிடமும் அனுப்பினேன். பழுப்பு இன்னும் சரியாக வரவில்லை, திட்டுத்திட்டாக வருகிறது. ஜெர்மனியிலிருந்து போன் மேல் போன். வரட்டும்.

மறுநாள் பத்தரைக்கு அவனைக் கடைக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு மாஸ்டரிடம் எத்தியோப்பியத் தூளைக் கொடுத்துப் போடச் சொல்லியிருந்தேன். பழக்கத்தில் விரலைக் காட்டினேன், பை டூ வந்தது. அவன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், ஒன்றும் வராமல் என்னைப் பார்த்தான். அடுப்பு, சட்டி, புகை, மல்லிகை மாதிரி ஒரு பூ, எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருவது என்று, அவனுக்கு வாசனை தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டே, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நான் முடிக்கும்வரை அவன் டம்ளரை இறக்கவில்லை. உனக்கும் ஒரே ஒருமுறை, இப்படித் தெரிந்து சொல்லியிருக்கலாம்.