உயிரோடு ஒரு கிளிமீன்

அக்கா,

இன்று காலை கடையைத் திறந்து மேல்தட்டில் நூல்கண்டைத் தேடித் துழாவியபோது உன் நீச்சல் கண்ணாடி கையில் வந்தது. மோந்து பார்த்தேன். ரப்பர் வாடையும் கடல் வாடையும் கலந்து அடித்தது. விளிம்பெல்லாம் உப்பு பூத்துக் கிடந்தது. அதில் கொஞ்சம் நம் மரக்காணத்து உப்பளத்து உப்பு, மீதி அந்தமான் கடலின் உப்பு. எது எதுவென்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. ஊர் திரும்பி இத்தனை நாளாகியும் அதைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.

ஆமாம், போய்விட்டு வந்துவிட்டேன். நீ இல்லாமல், யார் பேச்சையும் கேட்காமல்.

எல்லாம் ஆரம்பித்தது இந்தத் தையல் கடையில்தானே. அனுமந்தையிலிருந்து மீன் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்று முடித்து, மதியம் என் மின்விசிறிக்கு அடியில் வந்து காலை நீட்டுவாய். துணிகளில் வாடை ஒட்டக்கூடாது என்று காலி அன்னக்கூடையை வாசலிலேயே கவிழ்த்துவிடுவாய். ஷார்ஜாவில் இருக்கும் என் மகன் ஒருநாள் வீடியோ ஒன்று அனுப்பியிருந்தான். ஒரு பெண் முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கடல்மேல் குப்புற மிதக்கிறாள். அவளுக்குக் கீழே பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள் போகின்றன. இதற்குப் பெயர் ஸ்நார்க்கெலிங் என்று எழுதியிருந்தான். நீ போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய்.

"இத எத்தினி வெட்டியிருப்பேன் பாயம்மா. ஆனா நான் பார்த்ததெல்லாம் செத்த மீனு. உசுரோட ஒண்ணு நீந்திப் போறத இந்தக் கண்ணால பார்க்கணும்" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கடலோரம் பிறந்து கடலோரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் கேட்கிற கேள்வியா இது? பிறகுதான் புரிந்தது. உங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறக்கூடாது. பெண் கால் பட்ட படகுக்குப் பாடு இருக்காது, அதாவது வலையில் மீன் விழாது என்று பெரியவர்கள் வைத்திருக்கும் சட்டம். "நான் கூவி வித்தாத்தான் அவுங்க பாடு சோறாவுது. படக மட்டும் நான் தொடக்கூடாதாம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனாய். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

நாள் குறித்ததும் நீதான். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், கூடைக்கும் வேலை குறைவு. "ஆம்பளைங்க வலை தெச்சிகினு குந்தியிருக்கட்டும், நம்ம போலாம்" என்றாய். போர்ட் பிளேர், அங்கிருந்து ஹேவ்லாக், அப்புறம் நீல் தீவு. போகும்போது விமானம் என்று நானும், வரும்போதாவது கப்பல் என்று நீயும் ஒத்துக்கொண்டோம். திண்டிவனத்தில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் விசாரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அவர் கையில் இருந்தது ஒரே ஒரு தேனிலவு பாக்கேஜ்தான். கடற்கரையில் மெழுகுவத்தி, ஜோடிக்கு ஒரு கேக். நீ நிதானமாகக் கேட்டாய்: "ரெண்டு பேருக்கும் புருசன் போயாச்சுங்க. கேக்குல எங்க பேரப் போட்டுத் தருவீங்களா?" அந்த மனிதர் அதற்கப்புறம் நம்மை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது நீ சொன்னதைத்தான் வழி முழுக்க நம்பிப் போனேன். "இவுங்கள்லாம் எதுக்கு? எந்த ஊரா இருந்தாலும் மொத பஸ்சுல ஒரு மீன்காரி வருவா. அவளுக்குத் தெரியாத ரோடே கெடையாது."

குயிலாப்பாளையத்தில் கண்ணாடி வாங்கியபோது கடைப் பையன், "பேரப்பசங்களுக்காங்க?" என்றான். "ஏம்பா, எங்க மூஞ்சிக்குப் பத்தாதா?" என்று அங்கேயே எடுத்து மாட்டிக்கொண்டாய்.

ஒத்திகைக்கு நாம் தேர்ந்த இடம் நம் இருவர் புத்திக்கு மட்டுமே தோன்றக்கூடியது. நம் கடல் கலங்கல், அலையும் பொல்லாதது என்று உப்பளத்துக்குப் போனோம். பாத்திகளுக்குப் பாய்ச்சத் தேக்கி வைத்திருந்த முற்றிய உப்புத் தண்ணீரில் குப்புறப் படுத்தோம். முழங்கால் ஆழம்தான். அந்தத் தண்ணீரில் முங்கவேண்டும் என்று நினைத்தாலும் முடியாது, தக்கை மாதிரி தூக்கிவிடுகிறது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வாரியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நாமோ நீச்சல் வந்துவிட்டது என்று நம்பி வீடு திரும்பினோம். உடம்பெல்லாம் எரிந்தது. உனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை, அன்னக்கூடையைத் தலைக்குத் தூக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. உனக்காக வெட்டி வைத்திருந்த நீச்சல் உடுப்பு, கழுத்து முதல் கணுக்கால் வரை மூடுவது, தைக்காமலே நின்றது.

உன்னை எடுப்பதற்கு முன் உன் கொழுந்தனார் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பொம்பளைக்கு எதுக்கு கடல் ஆசைன்னு அப்பவே சொன்னேன். கடலம்மா கேட்டுகினு இருந்திருக்கா."

துக்க வீட்டில் வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் உன்னைக் கிடத்தி வைத்துக்கொண்டு உன்மேலேயே பழி போடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க நான் என்ன கல்லா? "கடலம்மாவும் பொம்பளதானுங்க. அவளே அங்கதான் இருக்கா" என்றேன். அந்த நிமிடமே எனக்கு இது உல்லாசப் பயணம் என்பது போய்விட்டது. நான் போகாமல் இருந்தால் அவர் சொன்னதுதான் ஊரில் நிற்கும். ஆசைப்பட்டாள், அதனால் செத்தாள் என்று உன் பேத்தி வரைக்கும் சொல்லி வளர்ப்பார்கள்.

நீ குறித்த தடைக்காலம் வந்ததும் டிக்கெட் போட்டேன். என் அண்ணன் வந்து உட்கார்ந்தார். "ஒத்தப் பொம்பளையா தீவுக்குப் போறியே, நாலு பேரு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நாலு பேரையும் கடைக்கு அனுப்புங்கண்ணே. அளவெடுத்து வாய்க்கு ஒரு பட்டன் வெச்சுத் தரேன்" என்றேன். கோபித்துக்கொண்டு போனவர், கிளம்பும் அன்று அவரே வந்து துவா செய்து பஸ் ஏற்றிவிட்டார்.

நீ சொன்னது சரிதான் அக்கா. போர்ட் பிளேர் மீன் மார்க்கெட்டில் போய் நின்றேன். தமிழ்க் குரல் கேட்டது. ராமநாதபுரத்துப் பக்கத்து அம்மா ஒருத்தி, மீனை அரிந்துகொண்டே அரசுப் படகுக்கு எங்கே வரிசை நிற்க வேண்டும், எந்தப் பஸ் துறைமுகத்துக்குப் போகும் என்று ஒப்பித்தாள். ஹேவ்லாக்கில் மீன் விற்றவள் பேசியது வங்காளம். எனக்கு ஒரு சொல் புரியவில்லை, அவளுக்கும் அப்படியே. ஆனால் காலி கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறிய பஸ்சில் நானும் ஏறினேன். சரியாகக் கடற்கரையில் கொண்டுபோய் விட்டது. நீல் தீவு ஷேர் ஆட்டோவில் கருவாட்டு மூட்டைக்கும் எனக்கும் ஒரே சீட்டு. நீ இருந்திருந்தால் கருவாட்டைக் குறை சொல்லிக்கொண்டே வந்திருப்பாய்.

அந்தத் தீவில்தான் கடலில் இறங்கினேன். கூட்டிப்போன தம்பி, "நீச்சல் தெரியுமாம்மா?" என்றான். "மரக்காணத்துல மிதந்திருக்கேன்" என்றேன் கெத்தாக. உப்பளத்து நினைப்பில் அப்படியே உடம்பைச் சாய்த்தேன். கடல் தாங்கவில்லை. நம் பாத்தித் தண்ணீரின் கனம் அதற்கு ஏது? நேரே உள்ளே போனேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர், என் கண்ணாடியின் வார் அறுந்து அது எங்கோ போய்விட்டது. அவன் என்னைத் தூக்கிக் கரையில் உட்கார வைத்து, "போதும்மா, வயசாயிடுச்சு, போட்டோ எடுத்துக்கலாம்" என்றான்.

எனக்குப் பயமாக இருந்தது. உன்னிடம் மறைப்பதற்கு என்ன? ஆனால் உன் கொழுந்தனாரின் முகம் கண்ணுக்கு முன் வந்து நின்றது. முங்கிப் போனாள் என்று சேதி கேட்டால் அவர் எப்படித் தலையாட்டுவார் என்றும் தெரிந்தது. பையைத் திறந்தேன். உன் கண்ணாடியைத் துணைக்குத்தான் கொண்டுபோயிருந்தேன். எடுத்து மாட்டிக்கொண்டு, "கையப் புடி தம்பி" என்றேன்.

முதலில் சத்தம்தான் கேட்டது. கறுக், கறுக் என்று, முறுக்கு கடிப்பது போல. மீனுக்குச் சத்தம் உண்டு என்று யாருமே நமக்குச் சொல்லவில்லையே அக்கா. அப்புறம் பார்த்தேன். பச்சையும் நீலமுமாக ஒரு கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. உன் கூடையில் வரும்போது அதற்கு இந்த நிறத்தில் பாதிகூட இருக்காது. என்னைப் பார்த்தது. பயப்படவில்லை. ஒரு திரும்பு திரும்பி அதன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. நான் அழுதேன். கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை, உள்ளேயே தேங்கி நின்றது. நீ பார்க்கவேண்டியதை நான் பார்க்கிறேனே என்றுதான் அழுகை, வேறொன்றுமில்லை.

உன் ஆசைப்படியே கப்பலில் திரும்பினேன். வாந்தி எடுத்தே செத்தேன். இந்த ஒன்றில் நான் சொன்னதுதான் சரி.

வந்த மறுநாள் அனுமந்தைக்குப் போனேன். உன் கொழுந்தனார் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். "இன்னா பாயம்மா, கடலு ஒண்ணும் பண்ணலியா?" என்றார்.

"மூக்குல தண்ணி ஏத்திச்சு. அவ்ளோதான்."

அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த உன் மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். நான் கிளிமீனின் சத்தத்தை அவள் காதில் விழும்படி வாயாலேயே செய்து காட்டினேன்.

இன்று மதியம் அவள் வந்தாள். உன்னைப் போலவே கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்து, "அத்தைக்கு வெட்டின துணி இருக்குதா?" என்றாள். உன்னைவிட ஒல்லி. பிடித்துத்தான் தைக்க வேண்டும். "சின்னமாமா கேட்டா இன்னாடி சொல்லுவ?" என்றேன். "கேக்கட்டும்" என்றாள்.

மேசைமேல் இருந்த உன் கண்ணாடியை எடுத்து மாட்டி, ஆளுயரக் கண்ணாடிக்கு முன் நின்றாள். "ஒண்ணுமே தெரியலயே, ஒரே உப்பு" என்றாள்.

நான் வாங்கிக்கொண்டு போய் குழாயடியில் பிடித்தேன். ஒரு கணம் கை நின்றது. அப்புறம் விளிம்பு, வார், மூலை முடுக்கு எல்லாம் விரலால் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்து அவளிடம் கொடுத்தேன்.

உப்புக்கா நம் ஊரில் பஞ்சம்?