அவள் பாடியதும் நான் எழுந்தேன்

மயிலாப்பூர்,
13.8.1973

அன்புள்ள இன்பமணிக்கு,

தேவ கிருபையால் நானும் நம் மகள் பியூலாவும் சுகம். ஜவுளிக்கடைக் கணக்கு வேலை கஷ்டமில்லை. உன் முழங்கால் வலி தேவலையா?

பயப்படாமல் வாசி. நம் சபையில் கீர்த்தனை பாடிய பியூலா, இங்கே கிடாரும் டிரம்ஸும் வாசிக்கும் குழுவில் சேர்ந்திருக்கிறாள். சனிக்கிழமை அடையாற்றில் அவளுடைய முதல் கச்சேரி. மண்டபம் முழுக்கக் கல்லூரிப் பையன்கள். கூச்சல் போட்டே அவளை இறக்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆலயப் பாட்டு ஒன்றைத் தொடங்கினாள். ஞானப்பாட்டுக்குக் கோயிலில் எழுந்து நிற்கும் பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன். "இன்னா பெருசு, மறைக்குது, குந்து!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நான் கோபித்துக்கொண்டு வெளியேறுவதாக நினைத்து அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். உட்காரவும் பயம், நிற்கவும் பயம். வீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அடுத்த வரியை நான் பாடினேன். அவள் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். கத்தியவனும் எழுந்து கைதட்டினான்.

இனி எல்லாக் கச்சேரியிலும் நான் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்கிறாள் பியூலா. அடுத்தது கிண்டியில். எப்படி மறுப்பது? என் கறுப்புக் கோட்டை அனுப்பு. தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது. முடிந்தால் கோட்டை நீயே கொண்டு வா.

தெருமுனையில் தபால்காரர் தபால் பெட்டியைத் திறக்கிறார்; முடிக்கிறேன்.

உன்,
சற்குணம்