வாசலில் சொன்ன பெயர்

இன்று காலை டிஸ்பென்சரியில் புதிதாகச் சேர்ந்த பெண் கார்பாலிக் சோப்பால் கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த வாசனை பட்டால் நீ இங்கே வந்த நாள்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. பத்து வருஷம் ஆகிவிட்டது. நீ போய்ச் சேர்ந்தும் ஒரு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லத் துப்பில்லாதவள் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் தாலி இழந்து ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி வந்த என்னை, "சும்மா உட்கார்ந்துண்டு என்ன பண்ணப் போறே, வந்து எழுதக் கத்துக்கோ" என்று கூப்பிட்டவள் அந்த லேடி டாக்டர். தெப்பக்குளத்தண்டை டிஸ்பென்சரி. சீட்டு எழுதுவது, ரெஜிஸ்டரில் பெயரும் நோயும் பதிவது, வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதத்தை வெட்டி மருந்து பாட்டிலில் ஒட்டுவது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது, இவைதான் நான் பழகிய வேலை. முதல் நாளே டாக்டர் சொன்னாள்: "கையெழுத்து கோணலா இருந்தா திருத்திக்கலாம். இங்க எழுதினது வெளில போனா திருத்த முடியாது." எல்லாம் புரிந்த மாதிரி நின்றேன்.

எங்காத்து வாசலில் வேறு சட்டம். சாயங்காலம் நான் வந்து நின்றால் அம்மா குறுக்கே நிற்பாள். "இன்னிக்கு யாரைத் தொட்டே?" நான் சொல்கிற பதிலை வைத்துத்தான், மேலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டால் போதுமா, தலைக்கு முழுகிப் புடவையைக் கொல்லையிலேயே நனைத்துப் போட வேண்டுமா என்று தீர்மானம். பொன்மலைத் தொழிலாளி பெண்டாட்டி, காய்ச்சல்; மணப்பாறைக் கிழவி, சிரங்கு என்று தினமும் ஒப்பிப்பேன். அம்மாவுக்கு அவர்கள் யாரோ எவரோ. அது தப்பென்றே எனக்குத் தோன்றியதில்லை.

அப்புறம் ஒரு நாள், ஒரே தெருவில் என்னோடு விளையாடி வளர்ந்த நீ வந்தாய். உன் கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. தெர்மாமீட்டர் வைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "இருமினா ரத்தம் வரதுடி. க்ஷயமா இருக்குமோ? ஆத்துல யாருக்கும் சொல்லலை. மாப்பிள்ளையாத்துக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

"பைத்தியமே, நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்" என்றேன். பக்கத்தில் டிஸ்பென்சரி ஆயா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் உன் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டதும் முழித்தேன். "ஏண்டி முழிக்கறே? யாரு?" சொல்லிவிட்டேன். உன் பெயரை, ரத்தத்தை, எல்லாவற்றையும். வீட்டுக்குள் நோய் வந்துவிடுமோ என்ற பயத்தில் சொன்னதாக ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். "தலைக்கு முழுகணும்மா" என்று மட்டும் சொல்லியிருந்தால் அம்மா விட்டிருப்பாள். அந்த வீட்டில் என் பேச்சை யாரும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அம்மா, "அப்புறம்? அப்புறம்?" என்றாள். அந்த ருசிக்காகத்தான் சொன்னேன். உன் கூறைப்புடவையைப் பார்க்கத் தெருவே வந்தபோது என்னை மட்டும் வரவேண்டாம் என்று உன் அத்தை சொல்லியனுப்பினாள் அல்லவா, அதுவும் மனசில் கிடந்தது. சீ, என்ன ஜன்மம்.

அம்மா படித்துறையில் ஒருத்தி காதில் போட்டாள். அது போதாதா? நாலாம் நாள் கும்பகோணத்திலிருந்து மாப்பிள்ளையாத்து ஆள் வந்து சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. க்ஷயம் இல்லை, தொண்டையில் புண். ஒரு மாதம் மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றாள் டாக்டர்.

நீ என்னிடம்தான் வந்து அழுதாய். "யாருடி சொல்லியிருப்பா? அந்த ஆயாவா? பக்கத்துல துடைச்சுண்டு இருந்தாளே."

"இருக்கும்" என்றேன்.

நரம்பில்லாத நாக்குக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது. உன் அப்பா போய்ச் சத்தம் போட்டார். ஆயாவுக்கு வேலை போயிற்று. போகும்போது அவள் என்னைப் பார்த்து, "அந்தப் பாப்பா வீடு எந்தத் தெருன்னுகூட எனக்குத் தெரியாதுங்களே" என்றாள். நான் தலை நிமிராமல் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

உன்னை மதுரையில் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். பிறந்தகம் வரும்போதெல்லாம் என்னை வந்து பார்க்காமல் நீ போனதில்லை. ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நீ உன் மாமியார் கதையைச் சொல்லிச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன். வண்டிக்கு நேரமாகிவிடும்.

போன வாரம் உன் தம்பி வந்தான். உன் கடைசி நாட்களைப் பற்றி வெகுநேரம் பேசினான். "உங்களைப் பத்தி அக்கா அடிக்கடி சொல்லுவா. ஊரே வாய்க்கு வந்தபடி பேசினப்போ, என் ரகசியத்தைக் காப்பாத்தினவ அவ ஒருத்திதான்னு சொல்லுவா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்கு இனிமேல் வாய்க்காது.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.